இருமலுக்குள் ஒரு சொடுக்கு

வரிசையில் ஓர் ஆள் கூடுதலாக இருந்தான்.

ஸ்டமாதா ஈரம் சொட்டும் ஃபிலிமை இரண்டு ஓரத்திலும் விரல் நுனியால் பிடித்து, சிவப்புக் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தித் துண்டின் முன்னால் தூக்கிப் பார்த்தாள். ரொட்டிக்கடை வரிசை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்தான். வெளுத்த முகம் கறுத்துத் தெரியும், கறுத்த கோட்டு வெளுத்துத் தெரியும். பிரிண்ட் போடக் காகிதம் கிடைக்காமல் போனதிலிருந்து அவள் நெகட்டிவையே படமாகப் படிக்கப் பழகியிருந்தாள். முன்னால் பால்காரன் மனைவி, அவளுக்குப் பின்னால் சண்டைக்கார அக்காவும் தங்கையும், கடைசியில் காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் தையல்காரி மரிகோ. மரிகோவுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அதில் ஸ்டமாதாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பஞ்சக் குளிரில் ஏதென்ஸ் நகரத்துப் பெண்களுக்குப் பெற்ற பிள்ளையின் பிறந்தநாள் மறந்தாலும் மறக்கும், வரிசையில் தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது மறக்காது. "நான்தான் கடைசி. எனக்கு வாய்ச்சது அப்படி" என்று மரிகோ வாய்விட்டுப் புலம்பியதுகூட அவள் காதில் இருந்தது.

படத்தில் மரிகோவுக்குப் பின்னால் ஒருவன் நின்றான். கோட்டு இல்லை. வெறும் சட்டை. காலில் பூட்ஸும் இல்லை. முகம் மட்டும் அசைந்துபோய் மங்கலாகத் தெரிந்தது.

பட்டினி கிடக்கிற ஊரில் கோட்டை விற்றுத் தின்றவன் ஒருவனா இரண்டு பேரா என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசி நேரத்தில் வந்து நின்றிருப்பான், நாம் கவனித்திருக்க மாட்டோம். சொல்லிக்கொண்டாளே தவிர, ஃபிலிமைக் கொடியில் மாட்டியபின்னும் அந்தக் கடைசி ஆளை மறுபடி ஒருமுறை பார்த்தாள். அந்தச் சிறிய சாமான் அறையில் ஒரு காலத்தில் எண்ணெயும் பாலாடைக்கட்டியும் காய்ந்த அத்திப்பழமும் மணத்தன. இப்போது படம் கழுவும் ஹைப்போ ரசாயனத்தின் புளித்த நெடிதான். சாமான் இல்லாத சாமான் அறை இருட்டறையாகிவிட்டது.

கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று ஜெர்மன்காரர்கள் சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஒளித்து வைப்பது தலை போகிற குற்றம். அவள் கணவன் ஆர்கிரிஸ் ஒப்படைக்கவில்லை. டிராமில் டிக்கெட் கிழித்த மனுஷன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த மடக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, பெண்டாட்டியையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "அசையாதே செல்லம், அசையாதே" என்பான். பெரிய படக்காரன் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. கட்டைவிரலை லென்ஸ் ஓரத்தில் நீட்டிவிடுவான். எடுத்த படத்தில் பாதியில் மூலையில் அந்த விரல் விழுந்திருக்கும். அவள் திட்டுவாள். "எனக்குன்னு ஒரு படம் கிடையாது. என் விரலாவது இருந்துட்டுப் போகட்டுமே" என்று சிரிப்பான். அது உண்மைதான். வீட்டில் இருந்த எந்தப் படத்திலும் அவன் இல்லை.

பஞ்சம் வந்தபின் அவன் வீட்டைப் படம் எடுப்பதை விட்டுத் தெருவை எடுத்தான். எண்ணெய்த்துணிப் பையில் ஒரு பொத்தானைப் பிய்த்து, அந்த ஓட்டைக்குப் பின்னால் கேமராவை வைத்து, மேலே காட்டுக்கீரையைப் பரப்பிவிடுவான். படுக்கையில் விழுந்தபின் அந்த வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். "அமுக்கினா டிக்குனு சத்தம் வரும், ஸ்டமாதா. அப்ப இருமு. இருமலுக்குள்ள அமுக்கு. ஊரே இருமுது, உன் இருமலை எவன் கேக்கப் போறான்?"

டிசம்பரில் அவன் செத்துப்போனான். கால் வீங்கி, முகம் வற்றி, ஒரு மதிய நேரத்தில், இருமலின் நடுவிலேயே.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரேஷன் ஆபீஸிலிருந்து வந்து அவன் பேருக்கு இருந்த ரொட்டி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். செத்தவனுக்கு ரொட்டி எதற்கு என்பார்கள். ஆனால் ஆறு வயது லெமோனியாவின் கை மணிக்கட்டை அவள் தினமும் விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்று சிறுத்துக்கொண்டே வந்தது. அவன் பங்கு ரொட்டி இருந்தால் பிள்ளை பிழைக்கும், இல்லாவிட்டால் பிழைக்காது. அதனால் ஊரில் பலரும் செய்ததை அவளும் செய்தாள். படுக்கை விரிப்பில் சுற்றி, லெமோனியாவின் பழைய குழந்தை வண்டியில் வைத்தாள். வளர்ந்த ஆண்பிள்ளை, குழந்தை வண்டியில் அடங்கிப்போனான். கல்லறைத் தோட்டத்தின் வெளிச்சுவர் ஓரத்தில், பேரில்லாமல் கிடந்தவர்களுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். அவன் பூட்ஸைக் கொடுத்துக் கொஞ்சம் அவரை விதை வாங்கினாள். ஓவர்கோட்டைப் பிள்ளைக்குப் போர்வையாக்கினாள்.

பாதிரியார் இல்லை, படைக்க அவித்த கோதுமை இல்லை, விளக்கு இல்லை. செத்த வீட்டில் மாதா படத்தின் முன்னால் நாற்பது நாள் விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அத்தனை நாளும் ஆன்மா வெளியில்தான் சுற்றும், தன் வீடு எது என்று அதற்கு அந்த வெளிச்சம்தான் அடையாளம். ஏற்றினால் அக்கம்பக்கம் கேட்கும்: ஸ்டமாதா வீட்டில் யார் போனது? அவள் ஏற்றவில்லை.

பிள்ளைக்கும் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். யாராவது கதவைத் தட்டினால் உள்ளறைக்கு ஓடி ஓவர்கோட்டுக்குள் புகுந்துகொண்டு, அப்பா மாதிரி தொண்டையைக் கட்டி இரும வேண்டும். லெமோனியா அதில் கெட்டிக்காரி. "எப்படி இருந்துச்சும்மா?" என்று ஓடிவந்து கேட்பாள். ஒருநாள் மட்டும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வேறொன்று கேட்டாள். "அப்பா பேருல வர்றதை நான் தின்னுட்டா அப்பாவுக்குப் பசிக்காதா?"

"தின்னு. வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்றாள் ஸ்டமாதா. அப்புறம் அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

மருந்துக்கடைத் திமோலியோன்தான் அவளுக்கு ஃபிலிமும் ரசாயனமும் கொடுப்பவர். மறுநாள் கீரைப் பையோடு போனதும் கதவைச் சாத்திவிட்டு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாம்மா, வா. உன் வீட்டுக்காரன் எப்படி இருக்கான்?"

"படுத்தபடிதாங்க. இருமல் விடல."

"புருஷன் உள்ள இருமுறான், பெண்டாட்டி தெருவுல இருமுறா. நல்ல ஜோடிதான் போ." சிரித்துவிட்டு மறுபடி ஃபிலிமைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. ஆனா வரிசையைப் பாத்து எவனும் அழ மாட்டாம்மா. கப்பல் வரவிடாம கடலை மறிச்சு வச்சிருக்கானே இங்கிலீஷ்காரன், அவன் ஊர்லயும் வரிசை இருக்கும். எனக்குச் சவ வண்டி வேணும். பிள்ளைங்க வேணும், கஞ்சித்தொட்டி முன்னால எலும்பும் தோலுமா நிக்குதுங்களே, அதுங்க வேணும். துருக்கிக் கரைக்கு ஒரு படகு போகுது. போற ஆளோட கோட்டு மடிப்புல வச்சுத் தைச்சு அனுப்பிடறேன். அங்க நாலு பெரிய மனுஷன் கண்ணுல பட்டா கோதுமைக் கப்பலை விட்டுருவாங்க. உன் பொண்ணும் பிழைக்கும், ஊர்ப் பிள்ளைங்களும் பிழைக்கும்."

"எடுத்துடறேங்க."

"ஏம்மா, கடைசியில நிக்கிறானே, கோட்டு இல்லாம. யாரு அது?"

ஸ்டமாதா பையிலிருந்த கீரையைச் சரிசெய்தாள். "தெரியலைங்க."

"பாவம், குளிர்லயே போயிருவான்" என்று சொல்லிவிட்டு, ஆர்கிரிஸுக்கென்று ஒரு குப்பி இருமல் மருந்தை அவள் பைக்குள் திணித்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதை அன்று சாயங்காலம் லெமோனியா இனிப்புக்காக நக்கி நக்கிக் குடித்தாள்.

சவ வண்டியை அவள் இரண்டு தெரு தள்ளிப் பின்தொடர்ந்தாள். மாடு இழுக்கவில்லை, மாட்டை எப்போதோ தின்றாகிவிட்டது; இரண்டு ஆள் இழுத்தார்கள். வண்டி வளைவில் நின்றபோது இருமினாள். தன் தெருவுக்குள் நுழைந்தபோது இருமினாள். தன் வீட்டு வாசலில் அப்போது ஈ காக்கை இல்லை. வாசலைத்தான் முதலில் பார்த்தாள், யாராவது கவனிக்கிறார்களா என்று. இல்லவே இல்லை.

சாமான் அறையில் கிண்ணத்தை ஏற்றி, டெவலப்பரில் ஃபிலிமை ஏற்றி இறக்கிக் கழுவினாள். படங்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. வண்டிச் சக்கரம். தொங்கும் ஒரு பாதம். தெரு. அப்புறம் அவளுடைய வீட்டு வாசல்.

வாசற்படியில் சட்டையோடு ஒருவன் நின்றான். இந்தத் தடவை அசையவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, வீட்டு எண்ணைப் பார்ப்பவன்போல் முகத்தைத் தூக்கியிருந்தான். அந்தப் பிடரியை அவள் பத்து வருஷமாகச் சவரம் செய்துவிட்டிருக்கிறாள். இடுப்பில் ஒரு முடிச்சு தொங்கியது. படுக்கை விரிப்பின் முடிச்சு, அவள் கையால் போட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் தானாகவே கிண்ணத்துக்குப் போனது. ஆர்கிரிஸ் இருந்த காலத்தில் இருட்டறைக்குச் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் விளக்கு இருந்தது. பாட்டரி கிடைக்காமல் போனதும், அவள் மாதா படத்தின் முன்னாலிருந்த சிவப்புக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, எண்ணெய்க்குப் பதில் மெழுகுவர்த்தித் துண்டை நிறுத்தினாள். ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம்தானே வேண்டும். எந்தக் கிண்ணமாக இருந்தால் என்ன என்றுதான் நினைத்தாள்.

செத்தவனுக்கு ஏற்ற வேண்டிய விளக்கு. நாற்பது நாளுக்குள் இரண்டு தடவை அவள் கையாலேயே ஏற்றியிருக்கிறாள். ஏற்றின தடவையெல்லாம் அவன் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறான்.

ஊதி அணைத்தாள். கிண்ணத்தைக் கொண்டுபோய் மாதா படத்தின் முன்னால் வைத்து, இனிமேல் இதைத் தொடுவதில்லை என்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அந்த நெகட்டிவை மட்டும் வெட்டி, அணைந்து கிடந்த அடுப்பில் போட்டுத் தீக்குச்சி கிழித்து வைத்தாள். அது குப்பென்று பற்றி எரிந்தது.

மூன்றாவது சுருளில் பிள்ளைகளை எடுத்தாள். கஞ்சித்தொட்டியின் முன்னால், தகரக்குவளையும் கையுமாக. தன் பெண்ணை விடச் சின்னதுகள், கிழடு தட்டிய முகத்தோடு. அழுகையும் இருமலும் சேர்ந்தே வந்தன. ஒரே ஒரு படத்துக்கு மட்டும் ஃபிலிம் மிச்சம் இருந்தது. அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பையை உள்ளறைக் கட்டிலில், ஓவர்கோட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

அன்று மதியம் கதவைத் தட்டினார்கள். ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா. கழுத்தில் இரண்டு மப்ளர், கையில் பென்சில்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? அட்டை இருக்கு, ஆளை யாரும் பாக்கலையாமே?"

"உள்ள படுத்திருக்காருங்க."

"எழுந்து வரச் சொல்லுங்க. இல்லைன்னா நான் உள்ள வர்றேன்."

உள்ளறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. ஸ்டமாதா அதை மறைத்து நின்றாள். இருமு, என் தங்கமே, இருமு என்று மனசுக்குள் கெஞ்சினாள். உடனே இருமல் வந்தது. அடி வயிற்றிலிருந்து, சளி புரண்டு, மூச்சு தட்டி, நின்று, மறுபடி தொடங்கிய இருமல். குமாஸ்தா மப்ளரை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி சரி, படுத்திருக்கட்டும். டாக்டரைப் பாருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கிவிட்டார்.

அவள் கதவைச் சாத்தி அதன் மேலேயே சாய்ந்தாள். பிழைத்தோம். சிரிப்புக்கூட வந்தது. "என் ராசாத்தி! உன்னை மேடை நாடகத்துலதான் சேக்கணும்" என்று உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

அறையில் யாரும் இல்லை. ஓவர்கோட்டு கட்டிலில் நீட்டிப் போட்டபடி கிடந்தது. தலையணை நடுவில் குழிந்திருந்தது.

"அம்மா!" வாசற்படியில் லெமோனியாவின் குரல். ஒரு பிடி காட்டுக்கீரையோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். "மலைப்பக்கம் போனேம்மா, இவ்வளவு கிடைச்சுது. அந்த மாமா ஏன் ஓடுறாரு?"

ஸ்டமாதா பிள்ளையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். உள்ளறைக்கு முதுகைக் காட்ட அவளால் முடியவில்லை. அந்த வீட்டில் நெருப்பு இல்லாமல் பல வாரம் ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் புகைபோல் மூச்சு வரும். லெமோனியாவுக்கு அது விளையாட்டு. "பாரும்மா, நான் சிகரெட் பிடிக்கிறேன்" என்று அம்மாவின் கைக்குள்ளிருந்தே தலையைத் திருப்பி உள்ளறையைப் பார்த்து ஊதினாள்.

பொழுது சாயும் முன்னே திமோலியோன் நேரிலேயே வந்துவிட்டார். அப்படி வருகிறவர் இல்லை. வாசலில் நின்றபடியே கிசுகிசுத்தார்.

"படகு நாளைக்கு விடிகாலையிலயே கிளம்புதாம். இன்னிக்கே கழுவிக் குடுத்துரு. ஊரடங்குக்கு முன்னால வந்து வாங்கிக்கறேன்."

"கழுவாமலே அனுப்பக் கூடாதுங்களா?"

"கழுவாத சுருளைத் துணியில வச்சுத் தைக்க முடியுமாம்மா? வெளிச்சம் பட்டா அத்தனையும் போச்சு. ஏன், என்ன ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு."

"ஒண்ணும் இல்லைங்க."

"உன் ஒருத்தியை நம்பித்தான் இருக்கேன். பிள்ளைங்க படம்மா அது."

அவர் போனபின் அவள் லெமோனியாவைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். அவனுடைய ரொட்டியும் சேர்த்துத்தான் தின்கிறது, அப்படியும் அந்த மணிக்கட்டு அப்படித்தான் இருந்தது. கப்பல் வந்தால்தான் உண்டு. முடிவு செய்துவிட்டாள். கழுவுவாள், ஆனால் கிண்ணத்தை ஏற்ற மாட்டாள். முழு இருட்டில், கைத்தடவலிலேயே கழுவுவாள்.

"சாமான் ரூமுக்குள்ள இருக்கேன். கதவைத் திறக்கக் கூடாது. உள்ளறைக்கும் போகக் கூடாது. இந்த மேஜைகிட்டயே உக்காந்திரு, என்ன?"

"விளக்கு ஏத்தலையாம்மா?"

"வேண்டாம்."

"இருட்டா இருக்குமே."

"இருந்தா இருக்கட்டும். நீ எதையும் தொடாதே."

உள்ளறையிலிருந்து கேமராவை எடுத்து வந்தாள். சுருளை வெளியே எடுக்கும் முன், கேமராவின் பின்பக்கத்தில் எத்தனையாவது படம் என்று காட்டும் சிறிய ஜன்னலைப் பார்த்தாள். எண் தெரியவில்லை. சுருள் கடைசிவரை சுற்றப்பட்டிருந்தது. ஒரு படம் மிச்சம் வைத்தோமே? அசதியில் நாமே சுற்றியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். சுருளை மட்டும் கழற்றிக் காலிக் கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கதவின் அடி இடுக்கில் பழைய துணியைத் திணித்தாள்.

இருட்டு கண்ணுக்குள்ளேயே இறங்கிவிட்டது போலிருந்தது. காகிதத்திலிருந்து ஃபிலிம் பிரியும் சரசரப்பு. முதல் தட்டு எங்கே, இரண்டாவது எங்கே என்று விரலால் தடவி, டெவலப்பரின் சில்லென்ற ஈரத்தில் ஃபிலிமை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, நேரம் பார்க்க வழியில்லாததால் ஆர்கிரிஸ் சொல்லிக்கொடுத்தபடி பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடித்து மறுபடி தொடங்கினாள். எத்தனாவது தடவை என்று குழம்பியது. வெளியே லெமோனியா எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பொம்மையோடு பேசுகிறாள்போல. பொம்மையை எப்போதோ விற்றாகிவிட்டதே என்ற நினைப்பு கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

"லெமோனியா?"

முணுமுணுப்பு நின்றது. "என்னம்மா?"

"யார்கிட்ட பேசற?"

முணுமுணுப்பு மறுபடி தொடங்கியது.

ஃபிலிமைத் தண்ணீரில் அலசினாள். ஹைப்போவில் போட்டாள். கை மட்டும் வேலையைச் செய்தது, காது முழுக்கக் கதவில் இருந்தது. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. கந்தக வாடை. திணித்த துணியின் ஓரத்தில், நூல் அளவுக்கு ஒரு வெளிச்சம் நுழைந்தது.

சிவப்பு வெளிச்சம்.

"லெமோனியா! ஏத்தாதேன்னு சொன்னேனா இல்லையா? அணை! இப்பவே ஊதி அணை!"

"அப்பாதான் ஏத்தச் சொன்னாரு" என்றது பிள்ளை, சாதாரணமாக.

தாழ்ப்பாளைத் தேடினாள். கை கதவுக்குப் போகவில்லை, சாமான் அடுக்கும் சுவர்ப் பலகைகளுக்குப் போனது. ஃபிலிம் தட்டிலிருந்து கையோடு வந்துவிட்டது. குனிந்து துணியை இழுத்தாள். சிவப்பு வெளிச்சம் தரையில் பாய்ந்தது. அந்த வெளிச்சத்தில் ஃபிலிம் அவள் கண்முன்னால் தொங்கியது. பிள்ளைகள். தகரக்குவளைகள். பிள்ளைகள். கடைசிப் படம்.

கதவிடுக்கு வழியாக எடுத்த படம். இரண்டு பக்கமும் கதவின் விளிம்பு. நடுவில் ஒரு பெண்ணின் முதுகு, அவளுக்கு அப்பால் இரண்டு மப்ளர் சுற்றிய குமாஸ்தா. அந்த முதுகு அவளுடையது. உள்ளறையிலிருந்து எடுத்திருக்கிறது. அந்த இருமலுக்குள்ளே அமுக்கியிருக்கிறது.

அவன் அந்தப் படத்தில் இல்லை. இருக்க மாட்டான். மூலையில், கண்ணாடிபோல் தெளிவாக, ஒரு கட்டைவிரலின் வளைவு இருந்தது.

வெளியே நாற்காலி இழுபட்டது.

"லெமோனியா, ஓடு! தெருவுக்கு ஓடு!"

"பேசாதம்மா." உதட்டை அசைக்காமல் பேசுவதுபோல் வந்தது பிள்ளையின் குரல். "அசையக் கூடாதாம்."

"மரிகோ வீட்டுக்கு ஓடு கண்ணு!"

இன்னொரு நாற்காலி இழுபட்டது.

அப்புறம் இருமல். ஆழத்திலிருந்து வந்த, சளி புரண்ட, பத்து வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல். அதற்குள்ளே, மிக மெல்ல, ஒரு டிக்.

தாழ்ப்பாள் கிடைத்தது. நகம் பெயர்ந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தாள்.

மாதா படத்தின் முன்னால் கிண்ணம் எரிந்தது. அறை முழுக்கச் சிவப்பு. மேஜையின் விளிம்பில் காலிக் கேமரா, முகப்பு விரிந்து நின்றது. அதற்குப் பின்னால் வெளிச்சம் போகவில்லை. உள்ளறைக் கதவு அகலத் திறந்திருந்தது. கட்டிலில் ஓவர்கோட்டு இல்லை.

சுவரோரம் லெமோனியா உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்து. இரண்டு கையும் முழங்கால்மேல். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு.

"போதும். எழுந்திரு. எழுந்திரு செல்லம்."

அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

ஸ்டமாதாவின் மூச்சு அவள் முகத்தின் முன்னால் புகையாக வந்து கலைந்தது. வந்தது. கலைந்தது. அவள் பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிகரெட் பிடிக்கிறேன் பாரும்மா என்று ஊதும் அந்த உதட்டில் ஒரு சின்னப் புகை வருமென்று காத்திருந்தாள்.

வரவில்லை.

கேமராவுக்குப் பின்னால் இருந்த இருட்டிலிருந்து வந்தது. நிற்கிற ஆண்பிள்ளையின் முகம் இருக்கும் உயரத்தில், வெள்ளையாக, நிதானமாக. ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

லெமோனியாவின் பக்கத்தில், படமெடுக்க ஸ்டமாதா எப்போதும் உட்காரும் இடத்தில், இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது.